காட்டுக்கோழி பியரும் அதன் பங்காளிகளும்

பியர் விற்கிற தொழிலில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள், நான் விற்ற காலத்தில் மாத்தளையில் இருந்திருக்க மாட்டார்கள். நான் பியரோடு சேர்த்து பியர்க் கம்பெனியையும் விற்றேன். அதுவும் துண்டு துண்டாக, அதைக் குடிக்கிறவர்களிடமே. வாசகர்களே, உங்களிலும் இன்ஷூரன்ஸ் விற்றவர்கள், சீட்டுப் பிடித்தவர்கள், தையல் மெஷினைத் தவணைக்குக் கொடுத்தவர்கள் இருப்பீர்கள். வாங்கினவரின் முகத்தில் விழிக்கப் பயந்து குறுக்குப் பாதையில் நழுவியிருப்பீர்கள். என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ரத்தோட்டை வீதியில் ஒரு பழைய கொக்கோ ஸ்டோரில்தான் ஹென்றி துரை அந்தச் சின்ன ஆலையைத் தொடங்கினார். ஐரோப்பியர் வழிவந்த பறங்கி மனிதர். தோட்டத்து ஃபேக்டரிகளில் எஞ்சினியராக இருந்தவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது வேலை போனது. சீமையில் படித்த காலத்தில் பியர் காய்ச்சப் பழகியிருந்தார். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து இறங்குகிற ஓடைத் தண்ணீர் அதற்குத் தோதாக இருந்தது. லேபிளில் ஒரு காட்டுக்கோழிப் படம் போட்டார். ஊருக்கே அது காட்டுக்கோழி பியர் ஆனது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய கம்பெனி விலைக்குக் கேட்டு வந்தபோது, "குடிக்கிறவனே இதுக்குச் சொந்தக்காரனா இருக்கட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். லொறியில் பியர் கொண்டுபோய் பார்களில் இறக்குகிற எனக்கும் டிரைவர் சோமபாலவுக்கும் அன்றிலிருந்து பங்கு விற்கிற வேலையும் சேர்ந்துகொண்டது.

முத்திரை குத்தின பேப்பர்

என்னிடம் முதலில் பங்கு வாங்கியவர் பெருமாள் கங்காணி. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. சம்பளத்தன்று மட்டும் கீழே இறங்கி, பாரின் மூலை மேசையில் உட்கார்ந்து, ஒரே ஒரு காட்டுக்கோழியைச் சாயங்காலம் முழுக்க வைத்துக் குடிப்பார். "இந்தத் தண்ணி எங்க மலையிலேர்ந்து வர்றது தம்பி. அப்ப எனக்கும் அதுல கொஞ்சம் சொந்தம் இருக்கத்தானே வேணும்?" என்று அவரேதான் கேட்டார். பங்குப் பத்திரம் தயாரானதும் நானே அதை அவர் குடியிருந்த லயத்துக்கு, காம்பரா அறைகள் வரிசையாக இருந்த கட்டடத்துக்கு, கொண்டுபோனேன்.

கங்காணி மலையில் கொழுந்து எடுக்கிற இடத்தில் இருந்தார். அவர் மனைவி லெச்சுமி அக்கா காம்பரா வாசலில் பத்திரத்தைக் கையில் வாங்கினார். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அடியில் இருந்த சிவப்பு முத்திரை கண்ணில் பட்டுவிட்டது. அந்த நேரத்தில் லயத்துக்கு லயம் அரசாங்கப் பேப்பர் கொடுத்து ஆட்களை இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவுடைய அண்ணன் குடும்பம் அப்படித்தான் போயிருந்தது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எப்ப கப்பல்?" என்று கேட்டார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கூடிவிட்டார்கள். யாரோ அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

இது பியர்க் கம்பெனிப் பேப்பர், உங்கள் வீட்டுக்காரர் இப்போது ஒரு முதலாளி என்று நான் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. கங்காணி மலையிலிருந்து ஓடி வந்து, விஷயத்தைக் கேட்டுச் சிரித்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பத்திரத்தை விரல் நுனியில் பிடித்து என்னிடமே நீட்டினார்: "முத்திரை குத்தின பேப்பர் எதுவும் இந்த லயத்துக்கு நல்லது கொண்டாந்ததில்ல தம்பி."

கதிரை

பங்காளிகளின் முதல் கூட்டம் ஆலைக்குள்ளேயே நடந்தது. பார் ஆட்கள், ஒரு தபால்காரர், வஹகோட்டையிலிருந்து பிரான்சிஸ் மாஸ்டர் என்று எல்லாருமே குடிக்கிற கூட்டம். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். வீட்டில் சிங்களம், எங்களோடு தமிழ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு காட்டுக்கோழி குடிக்காவிட்டால் பூசை கண்ட மாதிரியே இல்லை என்பார்.

எல்லாரும் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். பெருமாள் கங்காணி மட்டும் கதவோரம், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஹென்றி துரை எழுந்து வந்து, "கங்காணி, நீங்களும் இந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரர். இருங்க" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். கங்காணிக்கு வேர்த்துவிட்டது. துரைமார் முன்னால் அவர் உட்கார்ந்ததே கிடையாது. அவர் தோட்டத்துத் துரை அந்த வீதியால் ஜீப்பில் போகிறவர். ஜன்னல் திறந்திருந்தது. கங்காணி அந்த ஜன்னலைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், பிறகு கையைக் கூப்பினார்: "நின்னுக்கிட்டே வெச்சிருக்கிற மாதிரி பங்கு இருந்தா மாத்திக் குடுங்க தொரை. ஒக்கார பயமா இருக்கு."

மிளகு மூட்டை

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழர்களைத் தேடி அடித்த நாட்களில், நான் மாத்தளை டவுனில் அகப்பட்டுக்கொண்டேன். காலையில் லொறியை நிறுத்திவிட்டு, காலிப் போத்தல் கணக்குப் பார்க்க ஒரு பாருக்குள் போயிருந்தேன். வெளியே வந்தபோது பெரிய வீதியில் புகை. எனக்குத் தெரிந்த புடவைக் கடை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரரைக் காணவில்லை. சோமபால லொறியை எடுத்துக்கொண்டு, "நீங்க வண்டியில இருந்தா ரெண்டு பேருக்கும் சாவுதான். ஓடுங்க" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னது சரிதான். லொறி மேல் தமிழில் எழுதியிருந்தது, மறிக்காமல் விடமாட்டார்கள்; உள்ளே சிங்களவன் மட்டும் இருந்தால் தப்பலாம்.

ஓடுகிற என் சட்டையைப் பிடித்து இழுத்தவர் சலீம் நானா. முஸ்லிம், ஊர்ச் சொல்லில் சோனகர். ஏலம், கராம்பு, மிளகு வியாபாரி. எங்கள் ஆலைக்குச் சாக்கு கொடுக்கிறவர். டவுனிலேயே நான் பங்கு வாங்கச் சொல்லிக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். அவரிடம் பியர் என்ற சொல்லை உச்சரிக்கவே எனக்குக் கூச்சம். ஸ்டோரின் பின்பக்கம், மிளகு மூட்டைகளுக்கு நடுவில் என்னை இருத்தி, மேலே வெறும் சாக்கை இழுத்துப் போட்டார். மூட்டைகளுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுத் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்துகொண்டார். வெளியே ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. பலகைக் கதவில் தடியால் தட்டி, உள்ளே தமிழன் இருக்கிறானா என்று கேட்டார்கள். இல்லை என்றார் நானா. அவர்கள் போகவில்லை. வாசலிலேயே நின்றார்கள்.

மிளகுத் தூள் மூக்கில் ஏறியது. நான் மூக்கைப் பிடித்தேன், நாக்கைக் கடித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தும்மினால் செத்தேன் என்று அவ்வளவு தெளிவாகத் தெரியும்போது தும்மல் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சாக்கு ஆடுவதை நானா கவனித்திருக்க வேண்டும். தலையைத் திருப்பாமல், ஓதுகிற குரலிலேயே சொன்னார்: "தும்மல் வந்தா சாக்க இழுத்துக் காட்டு தம்பி. நான் முந்தித் தும்முறேன். சோனகன் தும்மினா இன்னைக்குக் கேள்வி இல்ல."

வெடிச்சத்தம்

பியரில் புளிப்பு சரியாக அடங்காவிட்டால் போத்தலுக்குள் வாயு ஏறிக்கொண்டே இருக்கும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஒரு தரம் அப்படிக் காய்ச்சினது தவறிப்போனது. அது தெரியாமல் நானும் சோமபாலவும் தம்புள்ளைப் பக்கம் புறப்பட்டோம். அலுவிகாரையில் ஆர்மிக்காரர்கள் லொறியை மறித்தார்கள். அடையாள அட்டையை நீட்டினேன். என் பெயரை வாசித்ததும் இறங்கச் சொன்னார்கள். நல்ல உச்சி வெயில். பின்னால் ஒரு போத்தல் படீரென்று வெடித்தது.

அடுத்த நொடியில் வீதியில் நின்ற எல்லாரும் தரையில் கிடந்தோம். ஆர்மிக்காரர்கள் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். துப்பாக்கிகள் எல்லாம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தன. "பியர்! பியர்!" என்று சோமபால தாரில் முகம் வைத்தபடி கத்தினான். லொறியிலிருந்து நுரை ஒழுகி வந்து எங்கள் முழங்கையை நனைத்தது. வாசனையில் அவர்களுக்கும் புரிந்தது. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. உள்ளே இன்னும் எத்தனை போத்தல் வெடிக்கக் காத்திருக்கிறது என்று எனக்கே தெரியாதே.

மூட்டைகளுக்குப் போக நேரமில்லாமல் எனக்கு நேரே படுத்துவிட்ட சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. விரல் துப்பாக்கி விசையில் இருந்தது. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். என்னைவிட அவன்தான் அதிகம் பயந்திருந்தான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் சிங்களத்தில் மெல்லச் சொன்னான்: "அண்ணே, இன்னொண்ணு வெடிச்சா என் விரல் என் சொல்லுக் கேக்காது. கோவிச்சுக்காதீங்க."

அந்தோனியாருக்குப் பின்னால்

பிறகு எண்பதுகளின் கடைசி வந்தது. இந்த முறை தேடப்பட்டது தமிழர்கள் இல்லை. சிங்களக் கிராமங்களில் பையன்கள் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் துப்பாக்கி எடுத்துக் காட்டுக்குள் இறங்கியிருந்தார்கள். கடையை மூடு என்று சுவரில் ஒட்டுவார்கள், மூடாதவன் காலையில் வீதியோரம் கிடப்பான். அவர்களைப் பிடிக்க வந்தவர்களும் காலையில் வீதியோரம் ஆட்களைக் கிடத்தினார்கள். பாலத்தடியில், ஆற்றில், சந்திகளில் டயர் எரிந்த கறுப்பு. சாராயம், பியர் விற்கக் கூடாது என்று ஒட்டின நாளிலிருந்து பார்கள் ஒவ்வொன்றாக மூடின. முதலாளிமார் எல்லாரும் துரோகிகள் என்றும் அதே சுவரில் எழுதியிருந்தது. எங்கள் முதலாளிமாரோ இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள்.

பிரான்சிஸ் மாஸ்டர் பங்குப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டகம் போட்டு முன் ஹாலில் மாட்டியிருந்தார். வீடு வீடாகத் துவக்கு, அதாவது வேட்டைத் துப்பாக்கி, கேட்டு வந்த பையன்கள் அவர் வீட்டுக்கும் வந்தார்கள். துவக்கு இல்லை என்றதும் சுவரைப் பார்த்தார்கள். ஒருவன் சட்டகத்துக்குக் கிட்டே போய் வாசித்தான். "பியர்க் கொம்பனிக்காரனா?" என்று கேட்டான். மாஸ்டர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "குடிக்காதேன்னு நானும்தான் சொல்றேன், கேக்குறாரா?" என்று அழ ஆரம்பித்தாள். அது நடிப்பில்லை. உண்மையாகவே பல வருஷத்து அழுகை. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் போனபோது சட்டகம் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்குள் புனித அந்தோனியார் நின்றார். முன்னால் மெழுகுவர்த்தி. எடுத்து எரித்துவிட்டால் என்ன மாஸ்டர் என்று கேட்டேன். மாஸ்டர் வாசலைப் பார்த்துக்கொண்டே காதோடு சொன்னார்: "எரிக்க மனசு வரல தம்பி. அந்தோனியாருக்குப் பின்னாலதான் காட்டுக்கோழி இருக்கு. மெழுகுவர்த்தி ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

ரெண்டு கட்டளை

ஒரு பின்னேரம் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது பையன்கள் ஆலைக்கே வந்துவிட்டார்கள். முகத்தில் துணி. குரலில் சின்ன வயது தெரிந்தது. நாளைக்குப் பிறகு இங்கே ஒரு சொட்டு பியர் இருக்கக் கூடாது, இருந்தால் ஆலையோடு ஆட்களையும் கொளுத்துவோம் என்றார்கள். மறுநாள் காலையில் ஒரு ஆர்மி ஜீப் வந்தது. அதிகாரி இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார்: அவர்களுக்குப் பயந்து எந்த ஆலையாவது மூடிக் கிடந்தால் உள்ளே இருக்கிறவர்களும் அவர்களுடைய ஆட்கள்தான், கேட் திறந்திருக்க வேண்டும். திறந்தால் அவர்கள் கொல்வார்கள், மூடினால் இவர்கள் கொல்வார்கள்.

ஹென்றி துரை என்னையும் சோமபாலவையும் அனுப்பிப் பங்காளிகளைக் கூப்பிட்டார். வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேர் வரவில்லைதான். வந்தவர்கள் பெரிய வீதியை விட்டு, தேயிலைக்குள் குறுக்கே இறங்கி வந்தார்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. துரை மட்டும், நான் வாசலில் இருப்பேன், சுடுகிறவன் சுடட்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அப்போதுதான் பெருமாள் கங்காணி வாயைத் திறந்தார். ஆர்மிக்குக் கேட் திறந்திருந்தால் போதும். பையன்களுக்குப் பியர் இல்லாவிட்டால் போதும். கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, பியரை ஓடையில் விட்டுவிடுவோம் என்றார்.

இரண்டு தொட்டியையும் திறந்துவிட்டோம். அடைத்து வைத்த போத்தல்களை மூடி திறந்து கவிழ்த்தோம். ஒருவர்கூட வாயில் வைக்கவில்லை. தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊற்றினார். எங்கேயாவது ஒரு நாய் குரைத்தால் எல்லாருடைய கையும் நின்றுவிடும். பொன்னிறமாக ஓடை நுரைத்துக்கொண்டு இறங்கியது. கீழே வயலில் தண்ணீர் குடித்த எருமைகள் படுத்துவிட்டன. முடிந்ததும் கங்காணி ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தபடி துரையைப் பார்த்தார்: "மொத தடவையா முதலாளி வேல பாத்தேன் தொரை. இம்புட்டு பயமா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா குடிக்கிறவனாவே இருந்திருப்பேன்."

இவரும் முதலாளி

பியர் இல்லாத லொறிக்கு என்ன வேலை? சோமபால வீட்டு முற்றத்தில் நின்றது. பையன்கள் ஒரு நாள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். என்ன ஏற்றினார்கள் என்று கேட்க யாருக்குத் துணிவு? அந்த வாரமே நம்பர் இல்லாத ஜீப் ஒன்று வந்து சோமபாலவை ஏற்றிக்கொண்டு போனது. அவன் மனைவி ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலைக்கு வந்தாள். மற்றச் செருப்பு அவன் காலோடு போயிருந்தது.

கூட்டிக்கொண்டு போனவர்களைக் கேட்டுப் போனவர்களும் திரும்பாத காலம் அது. ஹென்றி துரை பழைய கோட்டும் டையும் போட்டுக்கொண்டார். பிரான்சிஸ் மாஸ்டர் ஒரு பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நான் போனதற்குக் காரணம் தைரியமில்லை. சோமபாலவின் மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவ்வளவுதான். ஆர்மி முகாமில் எங்களை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதிகாரி, அவன் உங்களுக்கு யார் என்று கேட்டார். துரை ஆங்கிலத்தில் நிதானமாக, "அவர் எங்கள் கம்பெனி முதலாளிகளில் ஒருவர்" என்றார். சோமபால ஒரு பங்கும் வாங்கியதில்லை. ஓட்டுகிறது போதாதா, வாங்கவும் வேண்டுமா என்று என்னைக் கேலி செய்தவன். அதிகாரி சிரித்தார். சாரம் கட்டின முதலாளியா என்றார். மாஸ்டர் பார்சலை அவிழ்த்து, சட்டகத்திலிருந்து அந்தோனியாரைப் பிடுங்கி, பின்னாலிருந்த பத்திரத்தைக் காட்டினார். "நானும்தான் சேர். நாங்க எல்லாரும் இப்படித்தான் இருப்போம். கொம்பனி வெச்சிருக்கிறவன் கொம்பனிக்காரனைக் கொல்றவங்களோட சேருவானா?"

வெளியில் சொன்னால் சாவு வரும் என்று நாங்கள் ஒளித்துவைத்த அதே சொல்தான் அந்த மேசையில் ஓர் உயிரைக் கேட்டு நின்றது. அதிகாரி பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் வெயிலில் காத்திருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் சோமபால வந்தான். முகம் வீங்கி, ஒரு கண் மூடி, ஒற்றைச் செருப்போடு. பஸ் ஹால்ட் வந்ததும் அவன் துரையின் கையைப் பிடித்துக்கொண்டான்: "சேர் எனக்காகப் பொய் சொல்லிட்டீங்க. ஒரு பங்கு குடுத்துடுங்க, அந்தப் பாவம் உங்களுக்கு வேணாம்."

கை தூக்குதல்

எல்லாம் அடங்கி, பாலத்தடியில் ஒன்றும் கிடக்காத காலம் வந்த பிறகு, ஹென்றி துரை மறுபடி காய்ச்சலாமா என்று கேட்கக் கூட்டம் கூட்டினார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தொட்டிகளில் துரு. இந்த முறை சோமபாலவும் பங்காளியாக வந்திருந்தான். வராதவர்களில் சிலர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். தபால்காரர் எங்கே போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விருப்பமுள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார் துரை. ஒரு கைகூட எழவில்லை. சரி, விருப்பமில்லாதவர்கள் தூக்குங்கள் என்றார். அதற்கும் எழவில்லை. தலைகூட அசையவில்லை. ஆர்மிக்குப் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கிற முகமூடி போட்ட ஒருத்தன் தலையாட்டினால் ஆளைக் கொண்டுபோகிற வருஷங்களைத் தாண்டி வந்திருந்தோம். எதற்கும் முதலில் கை தூக்காமலிருப்பதுதான் அந்த வருஷங்கள் எங்களுக்குப் படிப்பித்த பாடம். நானும் கையை மடியிலேயே வைத்திருந்தேன். துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேணும்னும் இல்ல, வேணாம்னும் இல்ல. உயிரோட இருக்கோம்னு மட்டும் எல்லாரும் ஒத்துக்கிட்டதா நான் எடுத்துக்கிறேன்."

ஆலை அதற்குப் பிறகு திறக்கவேயில்லை. லாபப் பங்கென்று எங்களில் யார் கையிலும் ஒன்றும் வரவில்லை. ஆனால் வரவில்லையே என்று இன்றைக்கும் ஒன்றாக உட்கார்ந்து முணுமுணுக்க இத்தனை பங்காளிகள் மிஞ்சியிருக்கிறோமே, அந்தக் காலத்து மாத்தளையில் அதைவிடப் பெரிய லாபத்தை எந்தக் கம்பெனியும் கொடுத்திருக்காது.